சேரும் நேரம்

முன்னால் இருந்த இருக்கையின் முதுகில் பதித்த சின்னத் திரையில், சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது கிலோமீட்டர், ஆறு மணி ஐந்து நிமிஷம் என்று காட்டியது. வடிவு அதைப் படித்துவிட்டு, சரி, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சேர வேண்டிய இடம் என்று அது சொன்னது சிங்கப்பூரை. அவளுக்குச் சேர வேண்டிய இடம் அதற்கும் அப்பால் கிடந்தது. ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூருக்கு எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். அங்கே ஒரு ராத்திரி நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். மறுநாள் காலையில் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு நாலேகால் மணி நேரம். அப்புறம் காரில் நாகர்கோவில் வழியாக அம்பாசமுத்திரத்துக்கு மூன்றரை மணி நேரம், வழியில் லாரி எதுவும் மறிக்காமல் இருந்தால். இவ்வளவையும் கூட்டினால் ஒரு நேரம் வருகிறது. அந்த நேரத்தில் அப்பா உயிரோடு இருப்பாரா என்பது ஒரு கேள்வி. இப்போது, இந்த நிமிஷம், இருக்கிறாரா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்கு ஊரில் எல்லோருக்கும் பதில் தெரியும், தெருவில் பால் ஊற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. இன்றைக்கு விடியக்காலை ஐந்து மணிக்குத் தம்பி குத்தாலம் கூப்பிட்டான். அங்கே அப்போது புதன்கிழமை ராத்திரி பத்தரை. "யக்கா, அப்பாவுக்கு சீரியஸ். கெளம்பி வா" என்றான். அந்தச் சொல்லை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்கள் பக்கத்தில், தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சாவுச் சேதியைச் சாவு என்று சொல்லமாட்டார்கள். சீரியஸ் என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வழியில் எங்கேயாவது மயங்கி விழுந்தால் யார் தூக்குவது, வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் எதில் கொண்டுபோய் மோதுவானோ, வந்து தெரிந்துகொள்ளட்டும், வீட்டு வாசலில் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சங்கடம், உண்மையிலேயே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறவருக்கும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் என்ன பேசினோம் என்று அவள் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள், வீட்டிலிருந்து விமான நிலையம் போகிறவரைக்கும் பொறுக்கினாள், பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கும்போதும் பொறுக்கினாள், இப்போது கீழே ஆஸ்திரேலியா வந்து போய்க்கொண்டிருக்கும்போதும் பொறுக்குகிறாள். என்னல ஆச்சு? மத்தியானமே ஒரு மாதிரி இருந்தாவக்கா, சாய்ங்காலம் வாயி ஒரு பக்கமாக் கோணிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. எந்த ஆஸ்பத்திரி? திருநெல்வேலிலதான். நீ எங்க நிக்க? வீட்டுல நிக்கேன், துணி எடுக்க வந்தேன். துணி எடுக்க வந்தான். சரி, வரலாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு மாற்று வேட்டி வேண்டாமா? ஆனால் அதற்கு இவன் ஏன் வரவேண்டும், தலைமகன் அங்கே நிற்காமல், கடைப்பையன் ஒருத்தனை அனுப்பினால் ஆகாதா? நினைவு இருக்கா? அப்பப்ப கண்ணத் தெறக்காவ. பிரஷர் எவ்வளவுல? இதற்கு மட்டும் அவன் யோசிக்கவே இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, நூத்தி இருவது எம்பது என்றான். அந்த இடத்தில்தான் அவள் நெஞ்சு ஒரு படி இறங்கியது. குத்தாலம் உரக்கடை வைத்திருக்கிறான். யூரியா எத்தனை, பொட்டாஷ் எத்தனை, எந்தப் பயிருக்கு எந்த வாரத்தில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பிரஷர் என்றால் அவனுக்குத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒரு எண். வாய் கோணி, சீரியஸாகக் கிடக்கிற எழுபத்தாறு வயது மனிதருக்கு நூற்றிருபது எண்பது. வடிவுக்கே நூற்றிருபது எண்பது கிடையாது. ஆக்லாந்தில் வயசானவர்கள் இருக்கிற இல்லத்தில் ஒன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறாள், ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறாள், அந்த எண்ணை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம். ஆனால் மருந்து ஏற்றியிருப்பார்கள். மருந்து ஏற்றினால் எந்த எண்ணும் வரும். டாக்டர் சொன்னதைத்தான் அவன் சொன்னானோ என்னவோ. சரி, அம்மாட்ட குடு. அம்மா குளிக்கா. ராத்திரி பத்தரை மணிக்கா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், வாய்வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அம்மா குளிப்பாள், எந்த நேரமானாலும் குளிப்பாள், சுவரைத் தொட்டுவிட்டேன் கட்டிலைத் தொட்டுவிட்டேன் என்று இரண்டு தடவைகூடக் குளிப்பாள். வீட்டிலேயே சாவு விழுந்து துட்டி வீடாகியிருந்தால் குளிக்கமாட்டாள், எல்லாம் முடிந்து சாமான்களைக் கழுவிவிட்ட பிறகுதான் குளிப்பாள். ஆகவே அம்மா குளிக்கிறாள் என்றால் அப்பா இருக்கிறார். இப்படி ஒரு தெம்பு வரும். அது வந்த வேகத்திலேயே, அம்மா குளிக்கவே இல்லை, அம்மா வாயைத் திறந்தால் தெரிந்துபோகும் என்று அவன் சொன்ன சாக்கு அது என்று இன்னொன்று வந்து முதலில் வந்ததைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும்.

பின்னால் ஒரு குழந்தை அவள் இருக்கையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தது, இரண்டு உதை, ஒரு நிறுத்தம், ஒரு உதை. சாப்பாட்டு வண்டி போன பிறகும் வெண்ணெயும் சூடான ரொட்டியும் கலந்த வாசனை போகவில்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் அவள் முழங்கையில் கிடந்தது. மேற்கே பறப்பதால் சூரியனும் கூடவே வந்தது, நகர மனசில்லாமல் நகர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கனகசபை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயசு இருக்கும், ஆக்லாந்தில் மகனோடு இருக்கிறாராம். ஏறினதிலிருந்து அவருக்கும் அந்தத் திரையில் வரைபடம்தான். "பிள்ளை, சாப்பாடு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள். என்ர பாணாவது எடுங்கோவன், நான் தொடேல்லை" என்று தட்டிலிருந்த ரொட்டியை நீட்டினார். வேண்டாம் ஐயா, பசிக்கல என்றாள். "இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கிடக்கு. பசிக்காமல் எப்பிடி? நான் கொழும்புக்குப் போறன். பெறாமகள், என்ர தம்பியின்ர மகள், அவளின்ர கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் சமையலுக்கு ஆள் பிடிச்சாச்சாம், அந்தாள் போடுற வடையைப் பற்றி எனக்கு ஒரு நல்ல அபிப்பிராயமும் இல்லை, எண்டாலும் போறன்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். "நீங்கள் எங்க, ஊருக்கு லீவிலயோ?" அவள், "இல்ல ஐயா. அப்பாவுக்கு சீரியஸ்னு கூப்பிட்டாங்க" என்றாள். வெண்ணெய்ப் பொட்டலத்தை உரித்துக்கொண்டிருந்த அவர் விரல் பாதியில் நின்றது. ஓ, என்றார். பிறகு வெண்ணெயைப் பார்த்துக்கொண்டே, "ஒண்டும் யோசியாதேங்கோ, எல்லாம் சுகமாகும்" என்றார். அவர் அதை அவளைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் திரையில் வரைபடத்தை மாற்றிவிட்டு ஏதோ மீன் நீந்துகிற படத்தைப் போட்டுக்கொண்டார், கலியாணத்தைப் பற்றிப் பேசியதே தப்பு என்பது போல. அவருக்கும் அந்தச் சொல் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் அதே வழக்கம்தான் போலிருக்கிறது. இல்லத்தில் அவளுக்கு இதற்கென்று பயிற்சியே கொடுத்தார்கள். யாராவது போய்விட்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும், மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தூங்குகிறார், அமைதியாக இருக்கிறார் என்றெல்லாம் சொன்னால் கேட்கிறவருக்கு நப்பாசை வந்துவிடும். அவளும் சொல்லியிருக்கிறாள், உங்கள் அம்மா காலை நாலு பத்துக்கு இறந்துவிட்டார், வருந்துகிறேன். அந்தப் பக்கத்தில், சொன்னதுக்கு நன்றி, என்று பதில் வரும். போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். நாலு பத்து. ஒரு எண் கையில் இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாதிரி. அவளுக்கு யாரும் அப்படி ஒரு எண்ணைத் தரவில்லை, நூற்றிருபது எண்பதைத் தந்திருக்கிறார்கள்.

எண்ணென்றால் அப்பாதான். நயினார் என்றால் ஊரில் நாலு நயினார் உண்டு, டைம்கீப்பர் நயினார் என்றால் ஒருத்தர்தான். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில், மூன்று பக்கம் கம்பி போட்ட அறையில், இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதினவர். எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். வள்ளியூரா, ரெண்டு மணி நேரம். தென்காசியா, ஒரு மணி நேரம், கடையத்துல ரயில்வே கேட்டு போட்டுட்டான்னா ஒண்ணேகால். அவள் ஆக்லாந்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அம்மா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அப்பா மட்டும், "எத்தன மணி நேரம்டி?" என்று கேட்டார். பறக்கிற நேரம் மட்டும் பதினஞ்சுப்பா என்றாள். அவர் மோட்டுவளையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தார். "திருநெல்வேலி போயிட்டு வந்தா ரெண்டரை மணி நேரம். ஆறு நட. அம்புட்டுதானட்டி. எங்க டிரைவர் பிச்சையா ரெண்டு நாள்ல ஓட்டிருவான்" என்றார். அம்மா அந்த அழுகையிலும் சிரித்துவிட்டாள். ஆறு நட. அவள் இப்போது எத்தனையாவது நடையில் இருக்கிறாள், இரண்டு முடிந்திருக்கும், சேரன்மாதேவி பக்கத்தில் வந்துகொண்டிருப்பாள். கீழே எட்டிப் பார்த்தாள். சிவப்பாக, திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கிற தேரிக்காடு மாதிரி, ஆனால் முடிகிற வழியாக இல்லாமல், ஒரு வீடு இல்லை, ஒரு ரோடு இல்லை. அந்த அறையில் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்திருப்பாள், ஆறாவதோ ஏழாவதோ, அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பாபநாசம் வண்டி விக்கிரமசிங்கபுரத்தில் அச்சு முறிந்து நிற்கிறது என்று போன் வந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நிமிஷம் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, பாபநாசம் வண்டி வருமா அண்ணாச்சி என்று கேட்க, அப்பா கண்ணை இமைக்காமல், "அகஸ்தியர்பட்டி தாண்டிட்டு, இந்தா வந்துரும்" என்றார். அந்தப் பெண் போன பிறகு, ஏன்ப்பா பொய் சொன்னிய என்றாள் வடிவு. "பொய் எங்கட்டி சொன்னேன். மாத்து வண்டிக்குச் சொல்லியாச்சு, அது வந்துரும். வராதுன்னு சொன்னா அவ நிப்பா, நடப்பா, பிள்ளைய வெயில்ல போட்டு வாட்டுவா. வருதுன்னு சொன்னா உக்காருவா." நோட்டில் எழுதும்போது மட்டும் அவருக்குப் பொய் வராது. நாலு நிமிஷம் தாமதம் என்றால் நாலு நிமிஷம்தான், டிரைவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் மூன்று ஆகாது. வாயால் சொல்வது ஆளுக்கு, எழுதுவது வண்டிக்கு என்பார். ஆளுக்குச் சொல்வதைக் குத்தாலம் சொல்லிவிட்டான். அவள் கண்ணை மூடினாள். மூடினால் வீட்டுக் கூடம் வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் திறந்துகொண்டாள்.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. விமானத்திலேயே வைஃபை உண்டு, ஏறினவுடனே அறிவித்தார்கள், துட்டு கிடையாது. அவள் கைப்பேசி முன்னால் இருக்கிற வலைப்பையில், அவசர காலத்தில் எப்படிக் குதிப்பது என்று படம் போட்ட அட்டைக்கும் வாந்திப் பைக்கும் நடுவில், அணைந்து கிடக்கிறது. அதை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், சொந்தக்காரர்கள் குழுவில் எவனாவது ஒருத்தன், குத்தாலம் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கைகூப்பின படத்தைப் போட்டிருப்பான். அமுக்கவில்லை என்றால் அப்பா இருக்கிறார். தெரிந்துகொண்டால் மீதித் தூரம் முழுக்கத் தெரிந்துகொண்டே பறக்க வேண்டும், அழுதால் இந்தக் கனகசபை ஐயாவும் பின்னால் உதைக்கிற குழந்தையும் பார்க்க அழ வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் லீவுக்குப் போயிருந்தபோது சித்தப்பா பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்து, தூக்குவதற்குள் போய்ச்சேர்ந்தார். அவர் மகன் சைலப்பன், அவளுக்கு ஒத்த வயசு, மஸ்கட்டில் இருந்தான். யார் கூப்பிட்டுச் சொல்வது என்றபோது வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "வடிவு பேசட்டும், அவ நர்ஸு, கொரல் நடுங்காது" என்று யாரோ சொன்னார்கள். நடுங்கவும் இல்லை. சித்தப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, பிரஷர் தொண்ணூறு அறுபது, ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு, இப்போதுதான் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். வைத்தியம் தெரிந்தவள் சொல்கிற பொய், ஒரு எண்ணுக்கு இன்னொரு எண் ஒத்துப்போகும். "மூச்சு இருக்கா வடிவு?" என்றான். இருக்கு, நீ வா என்றாள். பேசி முடித்துப் புறவாசல் குழாயில் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள், வாயில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு சாயங்காலம் அவன் வந்து வாசலில் இறங்கியபோது அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவன் அலறின அலறலில் அவள் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பதினாறாம் நாள் எல்லாம் முடிந்து சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் சைலப்பன் பக்கத்தில் வந்து நின்று, "ஒம்மேல கோவம் இல்ல வடிவு. பிளைட்டுல நாலு மணி நேரம் எங்கப்பா உசுரோட இருந்தாவ. அவியளத் திட்டிக்கிட்டே வந்தேன், பிரஷர் மாத்திர ஒழுங்காப் போட்டா என்னன்னு. நல்லாத் திட்டுனேன்" என்றான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். நாலு மணி நேரம். அவளுக்குப் பதினோரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள், தூரத்துக்குத் தக்கபடி. அவளும் அப்பாவைத் திட்டிப் பார்த்தாள். பொங்கலுக்கு வாட்டி என்று சொன்னவர், வரவில்லை என்றதும், சரி, லீவு கிடைக்கும்போது வா என்று ஏன் விட்டுக்கொடுத்தார், ஒரு சண்டை போட்டிருக்கலாம். திட்டு பாதியில் நின்றுபோனது. இருக்கிறவரைத் திட்டுகிற திட்டா இது?

நின்றுபோன இடத்தில் கை சும்மா இருக்காமல் பயணச்சீட்டுத் தாளை எடுத்து விரித்தது. அவள் வீட்டுக்காரர் காலையில் அவசர அவசரமாக அச்சடித்துக் கொடுத்தது. மகளுக்குப் பரீட்சை, அதனால் அவர் வரவில்லை. திருவனந்தபுரம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது பதினைந்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில், எல்லா நேரங்களும் அந்தந்த ஊர் நேரம் என்று போட்டிருந்தது. அந்தந்த ஊர் நேரம். அவள் இரண்டாவது தடவை படித்தாள். விமான நிலையத்துக்குப் போகும்போது குத்தாலம் மறுபடி கூப்பிட்டிருந்தான், எத்தன மணிக்கு வீட்டுல இருப்ப, கரெக்டாச் சொல்லு, என்று. காரில் இருட்டாக இருந்தது, தாள் மடியில் இருந்தது, அவள் ஒன்பது வருஷப் பழக்கத்தில், ஊர் நேரம் வேண்டுமென்றால் ஆறரை மணி கழிக்க வேண்டும் என்று கழித்தாள். ஒன்பதேகாலில் ஆறரை போனால் இரண்டே முக்கால். வெளியே வர ஒரு மணி நேரம், காரில் மூன்றரை. காலைல ஏழு, ஏழேகாலுக்கு வீட்டுல இருப்பேன்ல என்று சொன்னாள். ஊர் நேரத்திலிருந்து மறுபடியும் ஊர் நேரத்தைக் கழித்துவிட்டாள். ஒன்பதேகாலுக்கு இறங்கி, வெளியே வந்து, காரில் ஏறி, மூன்றரை மணி நேரம் போனால், ஒன்றே முக்கால், இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு மணி இல்லை, இரண்டு மணி. டைம்கீப்பர் மகள். அப்பா கேட்டால், ஆறரை மணி நேரம் தாமதம், காரணம் எழுது என்பார். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் குத்தாலம் கேட்டது ஞாபகம் வந்தது. அவன் ஏன் கரெக்டாகக் கேட்டான்? ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்க வருகிறவள் ஏழுக்கு வந்தால் என்ன, இரண்டுக்கு வந்தால் என்ன, வந்தபோது பார்க்கப்போகிறாள். கரெக்டாக நேரம் வேண்டியது வேறு காரியத்துக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. அவள் ஏழேகாலுக்கு வந்துவிடுவாள் என்றால் உடலை எடுக்கிற நேரத்தை ஒன்பது, ஒன்பதரை என்று வைப்பார்கள், பத்தரைக்குள் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்குவார்கள். அவள் ஒன்பதேகாலுக்குத் திருவனந்தபுரத்தில் பெட்டிக்காக நின்றுகொண்டிருப்பாள். அவள் வரட்டும் என்று குத்தாலம் ஒருத்தன் மட்டும் சொல்வான், மற்றவர்கள், ரெண்டு நாள் ஆகப் போவுதுப்பா என்பார்கள். மறுநாளைக்குத் தள்ளவும் மாட்டார்கள், சனிப் பொணம் தனியாப் போகாது என்று அதற்கு ஒரு பயம் இருக்கிறது. இன்றைக்கு மத்தியானத்துக்குள் போஸ்டர் அடித்துவிடுவார்கள், நேரம் போட்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டினால் ஒட்டியதுதான், மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருகிறவர்கள் அந்த நேரத்துக்கு வந்து நிற்பார்கள். இதெல்லாம் அப்பா இல்லை என்றால்தான். இருக்கிறார் என்றால் இது எதுவும் இல்லை. ஆனால் அப்பா இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு சும்மா இருந்து, அவர் இல்லாமல் இருந்தால், அவர் முகத்தை அவள் பார்க்கப்போவதில்லை.

அவள் கைப்பேசியை எடுத்தாள். திரையில் மூவாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், நாலு மணி பத்து நிமிஷம் என்று இருந்தது. ஊரில் காலை பத்து இருபது ஆகியிருக்கும். உயிர்ப்பித்ததும் குழுவில் வந்து குவிந்திருந்ததை விரலால் மூடிக்கொண்டு, பார்க்காமல், குத்தாலத்தின் பெயரை மட்டும் தேடித் தொட்டாள். நான் சொன்ன நேரம் தப்பு, ரெண்டு மணிக்குத்தான் வருவேன், அதுவரைக்கும் எடுத்துராதீங்க என்று எழுதினாள். கடைசி இரண்டு வார்த்தையைப் பார்த்தாள். அதை அனுப்பினால் அவளே அப்பாவை முடித்துவைத்த மாதிரி, அவர் அங்கே கண்ணைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தால்? அழித்தாள். அப்பா எப்படி இருக்காவ என்று எழுதினாள். அதை அனுப்பினால் அவன் இன்னொரு தடவை பொய் சொல்ல வேண்டும், இந்தத் தடவை எழுத்தில், எழுதினது அழியாது, வருஷக்கணக்கில் அவன் கைப்பேசியில் கிடந்து அவனைப் பார்க்கும். அதையும் அழித்தாள். கடைசியில், குத்தாலம், நான் நேரம் தப்பாச் சொல்லிட்டேன், வெள்ளிக்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன், என்று மட்டும் அனுப்பினாள். வண்டிக்கு எழுதுகிற எழுத்து. உடனே பதில் வந்தது, கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பான். நல்லவேள இப்பவே சொன்ன, என்று முதலில். அப்புறம் ஒரு கணம் கழித்து, சரிக்கா, அவசரம் ஒண்ணும் இல்ல, பதட்டப்படாம மெதுவா வா, என்று.

அவசரம் ஒண்ணும் இல்ல. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கவில்லை. ஒரு தடவை போதுமாக இருந்தது. உயிரோடு இருக்கிறவர் சீரியஸாக இருந்தால் யாரும் மெதுவாக வா என்று சொல்லமாட்டார்கள், அக்கா சீக்கிரம் வா, அக்கா எங்க இருக்க, என்றுதான் பிடுங்குவார்கள். பாவம், அவன் அக்காவுக்கு நெஞ்சு அடைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன வார்த்தையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், கொட்டியது அவனுக்குத் தெரியாது. கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "என்ன பிள்ளை, சேதி ஏதும் வந்ததோ?" என்று கனகசபை கேட்டார், மீன்களை நிறுத்திவிட்டு. "அவசரமில்லையாம் ஐயா" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை வேறெங்கும் பார்க்கவில்லை. பிறகு கையை நீட்டி, அவள் மடியில் விழுந்துகொண்டிருந்த வெயிலை ஜன்னல் மறைப்பை இழுத்து மறைத்தார், தன் போர்வையையும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். எனக்குத் தெரிஞ்சு போச்சுல, என்று தம்பிக்கு எழுதிவிடலாம். எழுதினால் அவன், துட்டி கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகளுக்கு நடுவில் நின்று உடைந்துபோவான், அக்கா வருகிறவரைக்கும் தாங்க வேண்டும் என்று நேற்று ராத்திரியிலிருந்து பிடித்துவைத்திருப்பதை. பொய் சொன்னவர் வாய் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு இரண்டு மணிவரைக்கும் அவன் அதை வைத்திருக்கட்டும், அவனுக்கு நிற்க அது ஒன்றுதான் இருக்கிறது. அவள் யோசித்து, அப்பாட்ட நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லு, என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு கோடும் நீலமாயின. படித்துவிட்டான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டவில்லை. சரி, சொல்லுதேன், என்று தட்டிவிட அவனுக்கு மூன்று விநாடி போதும், அதுதான் வரும் என்று அவள் எதிர்பார்த்துக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. கீழே நிலம் முடிந்து கடல் வந்திருக்க வேண்டும், மறைப்புக்கு அடியில் தெரிந்த ஒரு விரல் அகல வெளிச்சம் சிவப்பிலிருந்து வெள்ளையாகியிருந்தது. பின்னால் குழந்தை தூங்கிவிட்டது போலிருக்கிறது, உதை இல்லை. நாலு நிமிஷம். அவன் கோபித்துக்கொண்டானோ, புரிந்துகொண்டுவிட்டானோ, யாராவது போஸ்டர்காரன் வந்து கூப்பிட்டுவிட்டானோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஆறு நிமிஷம் ஆனபோது கைப்பேசி கைக்குள் ஒரு தடவை அதிர்ந்தது.

சொல்லிட்டேன்க்கா.

வாசலில் போட்ட பந்தலிலிருந்து கூடத்துக்குப் பத்தடிகூட இருக்காது. அந்தப் பத்தடியைக் கடக்க அவனுக்கு ஆறு நிமிஷம் ஆகியிருக்கிறது. பேசிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லியிருக்கிறான், குனிந்து, அப்பாவைக் கிடத்தியிருக்கிற ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வாயை வைத்து, அத்தனை பேர் பார்க்க, யப்பா, அக்கா வந்துக்கிட்டு இருக்கா, ரெண்டு மணிக்கு வந்துருவா, என்று உண்மையாகவே சொல்லியிருக்கிறான்.